இருநூற்றுப் பத்து கிராமில் ஆண் எலி இரண்டு

இருநூற்றுப் பத்து கிராமில் இரண்டு ஆண் எலி வேண்டும் என்று ஒரு பேராசிரியர் காலையில் போன் செய்தால், அவருடைய கூண்டில் அதே எடையில் இரண்டு ஆண் எலி செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை. ஆராய்ச்சி தொடங்குகிறவன் இரண்டு கேட்க மாட்டான். முப்பது கேட்பான், நாற்பது கேட்பான், ஆணும் பெண்ணும் சரிபாதி கேட்பான். இரண்டு கேட்கிறவன் ஓட்டை அடைக்கிறவன்.

நான் எலி வளர்த்து விற்கிறவன். வெள்ளை எலி, சுண்டெலி, கொஞ்சம் முயல். கங்கைகொண்டான் போகிற சாலையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி என் கொட்டகை இருக்கிறது. கொட்டகை என்றுதான் நான் சொல்வேன். உள்ளே வந்து பார்த்தால் ஏசி ஓடும், தரையில் இலை போடாமல் சாப்பிடலாம். அரசாங்கத்தின் அனுமதிக் காகிதத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறேன். மதுரைக்குத் தெற்கே எந்த மருந்தியல் கல்லூரியிலாவது ஒரு வெள்ளை எலி மருந்து குடிக்கிறது என்றால், அதன் தாத்தாவை எனக்குத் தெரியும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்கும் பள்ளிக்கூடத்தைப் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இருபது வயதில் ஒரு கல்லூரியின் விலங்குக்கூடத்தில் கூண்டு கழுவத் தினக்கூலிக்குப் போனேன். பதினோரு வருஷம் கழுவினேன். எலி மூத்திர வாடை சட்டையில் ஏறி, பஸ்ஸில் எவ்வளவு கூட்டமிருந்தாலும் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள் ஒரு இலை தள்ளி உட்கார்வார்கள். இன்றைக்கு அதே ஆட்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஏறும்போது மட்டும் மூக்கு சுருங்கும். போகட்டும், பழகிப்போன மூக்கு.

கூண்டு கழுவினவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். கழுவினவனுக்குத்தான் தெரியும். எலி எவ்வளவு தின்றது, தின்றது எப்படி வெளியே வந்தது, ராத்திரி சண்டை போட்டதா, மூக்கில் ரத்தம் கண்டதா, எல்லாம் கூண்டின் அடியில் பரப்பின உமியில்தான் கிடக்கும். மேலே நின்று குறிப்பெடுக்கிறவன் கண்ணில் அது படாது. நான் ஒரு எலியைக் கையில் தூக்கினால் எடை சொல்வேன். தராசு தப்பு செய்கிறதா என்று வேண்டுமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படித்தவர்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பட்டம் முடித்த பையன் ஒருவன் மூன்று கையுறை மாட்டிக்கொண்டு, எலியின் வாலைப் பிடித்துத் தூக்கி, அது திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மேஜைமேல் ஏறி நின்றான். இன்னொருவன், "இது கடிக்குமா?" என்று என்னிடம் கேட்டான். "நீங்க அதுகிட்ட வம்புக்குப் போகாட்டி கடிக்காது" என்றேன். வம்புக்குப் போவதுதான் அவன் படிப்பே.

இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மூலிகை முதலாளிகளைத்தான் என்னால் பொறுக்க முடியாது. "இயற்கை மருந்து, பக்க விளைவே கிடையாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அரளியும் இயற்கைதான். அரைத்துக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி இலையை வீட்டில் கசாயம் வைத்துக் குடிப்பது வேறு. ஒரு மூட்டை இலையைக் காய்ச்சி, வற்றவைத்து, ஒரு ஸ்பூனுக்குள் அடைத்துக் கொடுப்பது வேறு. அதனால்தான் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர், மற்ற மூன்றுக்கும் சாறு. கொஞ்சம், நிறைய, மிக நிறைய. தினமும் ஒரு தடவை, இருபத்தெட்டு நாள். கடைசியில் ரத்தமும் ஈரலும் கிட்னியும் எடுத்துப் பார்ப்பார்கள். எத்தனை எலி என்று முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். காகிதத்தில் நாற்பது என்றால் நாற்பதுதான். ஒன்று செத்தால் செத்தது என்று எழுத வேண்டும். எழுதுவதற்குத்தானே கொடுத்துப் பார்ப்பது.

போன் செய்த பேராசிரியர், பெயர் எதற்கு, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பெரிய ஆள். ஒரு மூலிகை முதலாளியின் மூட்டுவலிச் சாற்றைப் பரிசோதனைக்கு எடுத்திருந்தார். பரிசோதனை அவர் பெயரில்; வேலை முழுவதும் அவரிடம் ஆராய்ச்சிப் படிப்பு படித்த ஒரு டீச்சரம்மாவின் கையில். அந்தப் பெண்ணும் அங்கேயே பாடம் எடுக்கிறவள்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று. டவுனில் சுத்த சைவக் குடும்பம், வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. வீட்டில் கேட்டால் இலை ஆராய்ச்சி என்று சொல்லிவைத்திருந்தாள். பொய்யில்லை, பாதி நிஜம். சாயங்காலம் போனதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் போவாள். அந்த ஆராய்ச்சியில் அவளுக்கு ஐந்து வருஷம் ஓடியிருந்தது. இந்த ஒரு பரிசோதனை முடிந்தால் தீசிஸ் முடியும்.

அந்தக் கல்லூரியில் எலியைப் பிடிக்கத் தெரிந்த ஒரே கை அவளுடையது. முதல் மாதத்தில் எத்தனை தடவை கடி வாங்கினாள் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட எலியைக் கீழே போடவில்லை. கடிபட்ட விரலை உதறாமல், எலியைப் பைய கூண்டில் விட்டுவிட்டு, அப்புறம்தான் குழாய்க்குப் போவாள். நான் ஆட்களை அதைக்கொண்டுதான் எடை போடுவேன்.

பரிசோதனையைத் தொடங்கின நாளில் நானும் அங்கே இருந்தேன். நம் ஊரில் எதற்குத்தான் திறப்பு விழா இல்லை? கக்கூஸ் கட்டினாலும் ரிப்பன் வெட்டுகிறோம். ஆனால் எலிக்கு மருந்து கொடுப்பதற்கு நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கு ஏற்றி, பிள்ளைகளை வைத்துக் கடவுள் வாழ்த்துப் பாடவைத்து, சிறப்பு விருந்தினரை அழைத்ததை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிறப்பு விருந்தினர் அந்த மூலிகை முதலாளி. நெற்றி நிறைய விபூதி, விரல் நிறைய மோதிரம். என்னைப் பார்த்ததும், "என்னவே, எலிக்கெல்லாம் இம்புட்டு மவுசா? எங்க தாத்தா காலத்துல பொறி வெச்சுப் பிடிச்சு ஆத்துல விடுவோம்" என்றார்.

"இப்பவும் பிடிச்சிப் பாருங்க மொதலாளி. உங்க மருந்த அதுக்குக் குடுத்துட்டு, ஆத்துல விடுங்க. எது மிதக்குன்னு பாப்போம்" என்றேன்.

சிரித்தார். எதற்குச் சிரித்தோம் என்று வீட்டுக்குப் போன பிறகு யோசித்திருப்பார்.

பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வழுக்குகிற பாலியஸ்டர் பொன்னாடை. அதைப் போர்த்திக்கொண்டே முதல் எலிக்கு மருந்தை அவரே கொடுப்பதாக அறிவித்தார். எலியைக் கையில் தொட்டு அவருக்குப் பத்து வருஷமாவது ஆகியிருக்கும். தண்ணீர் கொடுக்கிற கூட்டத்திலிருந்து எடுத்திருந்தாலாவது பரவாயில்லை. தண்ணீர் போட்டோவில் தெரியாதாம். நல்ல கரும்பச்சையாக இருக்கிற மிக நிறைய டோஸ் கூட்டத்திலிருந்து எடுக்கச் சொன்னார்.

எலிக்கு மருந்து கொடுப்பது ஊட்டுவது மாதிரி அல்ல. நுனியில் சின்னக் குண்டு வைத்த வளைந்த ஊசி. அதை வாய் வழியாகத் தொண்டையில் இறக்கி, நேராக வயிற்றுக்குள் விட வேண்டும். எலியின் தலையும் உடம்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தலை கொஞ்சம் திரும்பினாலும் ஊசி பக்கத்திலிருக்கிற மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இவர் என்ன செய்தார்? ஒரு கையில் நழுவுகிற பொன்னாடையைத் தோளோடு இடுக்கிக்கொண்டு, எலியின் முகத்தைக் கேமராவுக்குத் திருப்பிக்கொண்டு, தன் முகத்தையும் கேமராவுக்குத் திருப்பிக்கொண்டு, ஊசியை இறக்கினார். எலி திமிறியது. ஒரு தும்மல். மூக்கில் பச்சையாகக் குமிழ் வந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவளும் குமிழைப் பார்த்திருந்தாள். முதலாளியின் டிரைவர் தன் போனில் வீடியோ எடுக்கத் தவறிவிட்டான் என்றதும், இரண்டாவது எலியும் வந்தது. அதே பொன்னாடை, அதே திருப்பல், அதே தும்மல். நான் வாயைத் திறக்கவில்லை. விழாவில் போய் எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே வெட்கக்கேடான காரியம் அதுதான், அதையும் எழுதிவைக்கிறேன். எலிக்காரனுக்கு எதற்கு மரியாதைக் கூச்சம்? மீதி முப்பத்தெட்டுக்கும் அவள்தான் கொடுத்தாள். ஒரு தும்மல் கிடையாது. அதைப் பார்க்க அங்கே யாரும் நிற்கவில்லை, எல்லோரும் கேசரி சாப்பிடப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்தப் போன்.

"அண்ணாச்சி, சௌக்கியமா? ஒரு சின்ன உதவி. ரெண்டு ஆண் எலி வேணும். இருநூத்திப் பத்து கிராம் இருக்கணும். பில் வேண்டாம்."

"பில் வேண்டாம்னா, செத்துப்போச்சா சார்?"

பெருந்தன்மையோடு சொன்னார்: "இந்தத் தடவை உங்க எலி கொஞ்சம் நோஞ்சான் அண்ணாச்சி. நான் அதைப் பெருசுபண்ண விரும்பல."

நோஞ்சான்! என் எலி நோஞ்சான். என் கொட்டகைக்குள் போகிற ஆள் குளித்து, உடை மாற்றி, செருப்பு மாற்றிப் போக வேண்டும். என் மனைவியையே ஜலதோஷம் இருந்தால் நான் உள்ளே விடமாட்டேன். அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு.

முன்பு இரண்டு மூன்று பேர் இப்படிக் கேட்டபோது கொடுத்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். அப்போது கொட்டகை புதுசு. கேள்வி கேட்கிற இடத்தில் நான் இல்லை. இப்போது இருக்கிறேன். "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். மாடிப்படியில் நின்று பேசுகிறாள் போல, குரல் அமுங்கியிருந்தது.

"அண்ணாச்சி, சார் எலி கேட்டாவளா?"

"கேட்டாவ."

"குடுத்திராதீங்க. புது எலியைப் போட்டு ஒண்ணும் சாகலன்னு எழுதி, என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லுதாவ. போடமாட்டேன்னா, என் கை சரியில்லாமதான் ரெண்டும் செத்துச்சுன்னு எழுதிருவேன்னு சொல்லுதாவ. எலிப் பக்கமே விடமாட்டாவளாம். அஞ்சு வருசம் அண்ணாச்சி."

"மருந்து செய்யற வேலையின்னு நெனைக்காவளா?"

"மனசுக்குள்ள அப்படித்தான் பயப்படுதாவ. மிக நிறைய டோஸ் கூட்டத்துல அஞ்சு ஆணுல ரெண்டு போச்சு. பாக்கறவங்களுக்கு மருந்து வெசம்னுதான தோணும்? மொதலாளிகிட்ட எப்படிச் சொல்லன்னு கேக்காவ. அவங்க கையின்னு மட்டும் அவங்களுக்குத் தோணவே இல்ல. செத்ததை அறுத்துப் பாக்கவும் விடல. மூணு மணிக்குக் கழிவு வண்டி வந்து கொண்டுபோயிரும். நான் தனியா அறுத்தா, நான் சொன்னதாத்தான இருக்கும்? இன்னொரு ஆள் வேணும்."

"யாருகிட்டயும் ஒண்ணும் பேசாத தாயி. நான் வந்துட்டேன்னு வெச்சுக்க."

கிளம்பும்போது கூண்டு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் தன் அறையில் இருந்தார். சுவர் முழுக்க அவர் வாங்கின கேடயங்கள். தூசி தட்டவே தனி ஆள் வேண்டும். என் கையைப் பார்த்தார்.

"எலி எங்க அண்ணாச்சி?"

"அது நிக்கட்டும் சார். செத்ததை எடுங்க, பாக்கணும்."

"எதுக்கு?"

"நோஞ்சான்னு சொன்னீங்கல்லா? எங்கொட்டகையில நோய் இருந்தா மிச்சம் இருக்கறதெல்லாம் போயிரும். வித்தவன் வந்து பாக்கலாம்னு பில்லுக்கு அடியில அச்சடிச்சிருக்கு. நீங்க வாசிச்சிருக்க மாட்டீங்க."

உண்மையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, என் மகனிடம் சொல்லிப் போடவைத்தேன். நோய் என்று தானே சொல்லிவிட்டதால் அவருக்கு மறுக்க வழியில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஃப்ரீஸர் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எங்களைத் தனியே விடப் பயந்து, பின்னாலேயே வந்தார்.

அந்தப் பெண் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கவரைப் பிரித்தாள். இரண்டும் கல்லாக உறைந்திருந்தன. உறைந்ததை அறுத்தால் எதுவும் தெரியாது. தட்டில் வைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மணி பதினொன்றரை. பேராசிரியருக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பேச ஆரம்பித்தார்.

"புது இடம். அன்னைக்குக் கூட்டம் வேற. எலிக்கு மன அழுத்தம் வந்திருக்கும்."

"ஒரு வாரம் முன்னாலயே கொண்டுவந்து விட்டாச்சு சார். கூட்டத்தைப் பாத்து சாகறதுன்னா கடவுள் வாழ்த்துலயே செத்திருக்கும்."

"அதோட, அவங்க கை அன்னைக்கு கொஞ்சம் டென்ஷன்."

"அந்த ரெண்டு எலிக்கும் அவ ஊசியவே தொடலையே."

"ரெண்டாவது எலி மறுநாள்தான செத்துச்சு? மறுநாள் டோஸ் அவங்கதான குடுத்தாங்க?"

அந்தப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மறுநாள் டோஸ் பதினோரு மணிக்கு சார். மொத எலி விழா அன்னைக்குச் சாயங்காலமே போச்சு. ரெண்டாவது காலையில நான் வரும்போதே விறைச்சிக் கிடந்துச்சு. ரெண்டுக்கும் என் கையால ஒரு சொட்டுகூடப் போகல."

"அன்னைக்கு நான் எடுத்த எலிதான் இதுன்னு என்ன நிச்சயம்?"

அவள் போனை எடுத்தாள். எலிகளுக்கு அடையாளம் வைக்க ரோமத்தில் மஞ்சள் சாயம் தொட்டுவைப்பார்கள். தலையில் புள்ளி என்றால் ஒன்று, முதுகில் என்றால் இரண்டு. கல்லூரி வாட்ஸப் குழுவில் அவரே போட்ட போட்டோவில் பொன்னாடை, சிரிப்பு, தலையில் மஞ்சள் புள்ளியோடு ஒரு எலி. அடுத்த போட்டோவில் முதுகில் புள்ளியோடு இன்னொன்று. தட்டில் கிடந்தவற்றின் தலையிலும் முதுகிலும் அதே மஞ்சள். எழுபது பேர் கட்டைவிரல் தூக்கி வாழ்த்தியிருந்தார்கள்.

"அப்ப மருந்துதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "சாறு அவ்வளவு கடுமையா இருக்கு. மொதலாளிகிட்ட நான் என்ன சொல்ல?"

பாருங்கள். முதலில் என் எலி. அடுத்து எலியின் பயம். அடுத்து அவள் கை. கடைசியில் மருந்து. உலகத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார், தன்னைத் தவிர.

அறுக்கிற பதம் வந்துவிட்டது. கத்தரியை அவள் எடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். எத்தனை ஆயிரம் எலிகளைத் திறந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கொட்டகையில் ஒன்று காரணமில்லாமல் செத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது, திறந்து பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவேன். வயிற்றைத் தொடாமல் நெஞ்சைத் திறந்தேன். நல்ல எலியின் நுரையீரல் வெளுத்த ரோஜா நிறத்தில், சோப்பு நுரை மாதிரி லேசாக இருக்கும். இது ஊறின பஞ்சு மாதிரி உப்பிப்போய், வலது பக்கம் முழுக்கக் கரும்பச்சையாக இருந்தது. நுனியில் ஒரு வெட்டு. பச்சை நுரை தட்டில் இறங்கியது. பொன்னாடை போர்த்திக் கொடுத்த அதே சாறு.

இரண்டாவதும் அப்படியே.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. "சாகறதுக்கு முன்னாடி வாந்தி எடுத்திருக்கும். வயித்துல இருந்தது மேல ஏறி, நுரையீரலுக்குள்ள போயிருக்கும்."

கத்தரியைக் கீழே வைத்தேன்.

"சார், எலி வாந்தி எடுக்காது."

"என்ன?"

"எலிக்கு வாந்தி வராது சார். ஒடம்பே அப்படி. அதனாலதான் வெசம் வெச்சா சாவுது, தின்னதைக் கக்க முடியாது. எலி மருந்து விக்கற மளிகைக் கடைக்காரனுக்குத் தெரியும். நீங்க அதைத்தான பாடமா நடத்துதீக?"

எதிரே இருந்த சுவரில் அவர் நடத்துகிற பாடத்தின் படம் ஒட்டியிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் இதற்குமேல் பேசியிருக்கலாம், நிறைய வைத்திருந்தேன். அந்தப் பெண் என்னை முந்திக்கொண்டு இரண்டு எலிகளின் வயிற்றையும் திறந்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு பச்சைக் கறை இல்லை. மருந்து அந்தப் பக்கம் போகவே இல்லை.

மருந்து நல்லதா கெட்டதா என்று அந்த இரண்டு எலியும் எதுவும் சொல்லவில்லை. அதைக் குடித்திருந்தால்தானே சொல்ல? தண்ணீரில் மூழ்கடிக்கிற மாதிரி மருந்தை மூச்சுக்குள் ஊற்றிக் கொன்றிருக்கிறார், அவ்வளவுதான். இதைத் திறந்து பார்த்திருந்தால் அவருக்கே நிம்மதி. முதலாளிக்கு மருந்து தப்பித்தது. திறக்கவே பயந்து, தன் கைத் தப்பை மருந்தின் விஷம் என்று நம்பி, அந்த விஷத்தையும் மறைத்து, பத்திரமானது என்று சான்று கொடுக்கத் துணிந்திருக்கிறார். நாளைக்கு அந்தச் சாற்றை நாலு வயசானவர்கள் மூட்டுவலிக்குக் குடிப்பார்கள். விஷம் என்று நினைத்துக்கொண்டே குடிக்கக் கொடுக்கிற மனசை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் அதற்குப் போதவில்லை.

அவள் கை கழுவிவிட்டு வந்து, தினசரி டோஸ் ரெஜிஸ்டரை மேஜைமேல் விரித்தாள். அதில் ஒரு கட்டம் உண்டு, மருந்து கொடுத்தவர் கையெழுத்து. விழா நாளில் முப்பத்தெட்டு எலிக்கு நேராக அவள் கையெழுத்து இருந்தது. இரண்டு கட்டம் காலி. பெரிய ஆள் கையெழுத்துப் போட மறந்திருந்தார், அவரிடம் கேட்க யாருக்கும் தைரியமில்லை. அவள், எலிகள் செத்த நேரம், அறுத்துப் பார்த்ததில் கண்டது, மருந்து மூச்சுக்குழலில் போனதால் மரணம் என்று எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதி முடித்து, அந்தக் காலிக் கட்டங்களில் விரலை வைத்து, பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

"சார், இந்த ரெண்டும் உங்க கட்டம்."

"நீயே போட்டுக்கோம்மா. டீம் வொர்க்தான?"

"என் கட்டத்துல எல்லாம் போட்டுட்டேன் சார்."

"இந்தப் பேனா நீட்டறதெல்லாம் நல்லா இல்ல. தீசிஸுக்கு நான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் வெச்சுக்கோ."

அவள் பேனாவைப் பின்னுக்கு இழுக்கவில்லை. எலி கடித்தபோதும் உதறாத கை. அவர் அதை மிரட்டுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"சார்" என்றேன், "நானும் ஒரு கையெழுத்து விஷயம் சொல்லணும். உங்க காலேஜுக்கு எலி குடுக்கற ஒப்பந்தம் இந்த மாசம் புதுப்பிக்கணும். எம்.பார்ம் பிள்ளைகள் பதினாறு பேருக்கு எலி வேணும், பட்டியல் வந்திருக்கு. இந்த ரெண்டு கட்டத்துல உங்க கையெழுத்து விழுந்தா நானும் போடுதேன். விழலன்னா என் வண்டி உங்க கேட்டுக்குள்ள வராது. பெங்களூருல இருந்து வரவழைச்சுக்கிடுங்க. ஏன் அங்கன இருந்து வருதுன்னு கேக்கறவங்ககிட்ட நான் காரணம் சொல்லிக்கிடுதேன். எங்கிட்ட நெறைய பேரு கேப்பாவ."

இதை மிரட்டல் என்று நீங்கள் சொல்லலாம். அவர் அவளிடம் செய்ததைவிட என் மிரட்டல் நேர்மையானது, பகலில், முகத்துக்கு நேராகச் செய்தேன். பதினோரு வருஷம் கூண்டு கழுவினதில் எனக்குச் சேர்ந்த ஒரே ஆயுதம், நான் கொடுத்தால்தான் அவர்களுக்கு எலி உண்டு என்பது. அதை எடுத்துப் பயன்படுத்த அதைவிட நல்ல இடம் எனக்கு அமையவில்லை.

வெளியே கழிவு வண்டியின் ஹாரன் கேட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அவள் நீட்டின பேனாவை வாங்காமல், தன் சட்டைப் பையிலிருந்த தங்கமூடிப் பேனாவைத் திறந்து, இரண்டு கட்டங்களிலும் வேகமாகக் கிறுக்கினார். கிறுக்கினதும், "மதியச் சாப்பாட்டு நேரமே தாண்டிப்போச்சு" என்று எங்கள் இருவருக்கும் நேரத்தை அறிவித்துவிட்டுப் போனார். எலியை அறுத்த தட்டுக்கு எதிரே நின்று அவருக்குப் பசித்திருக்கிறது.

அவள் ரெஜிஸ்டரை மூடவில்லை. மை காயட்டும் என்று நின்றாள். "அண்ணாச்சி, தீசிஸை நிறுத்திருவாவளோ?" என்றாள்.

"நிறுத்துனா அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் போட்டு எனக்கு ஒண்ணு அனுப்பு. எங்கொட்டகைக்கு எல்லாக் காலேஜுக்காரனும் வாரான்."

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெம்பு வேண்டும். முப்பத்தெட்டு எலியோடு இருபத்தெட்டு நாளும் ஓடியது. மிக நிறைய டோஸில் கிட்னி கொஞ்சம் உப்பியிருந்ததை அவள் அப்படியே எழுதினாள். மற்ற இரண்டு டோஸிலும் ஒன்றுமில்லை என்றும் எழுதினாள். முதலாளிக்கு அந்த முதல் வரி பிடிக்கவில்லை. டப்பாவில் இரண்டாவது வரியை மட்டும் அச்சடித்து விற்கிறார் என்று கேள்வி. எப்படியும் அவர் கிட்னி அவருடைய மருந்தைக் குடிக்கப்போவதில்லை.

போன மாதம் அவளுடைய வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், அந்தக் கூட்டத்தில் ஏன் இரண்டு எலி குறைகிறது என்று கேட்டிருக்கிறார். அவள் ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்திருக்கிறாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாராம். கையெழுத்தைப் படித்தாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரை ஒரு தடவை பார்த்தாராம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம்.

முடிந்ததும் வராந்தாவிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். நான் கொட்டகையில் பால் மறந்த எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டிருந்தேன்.

"குடுத்துட்டாவ அண்ணாச்சி. டாக்டர்னு அறிவிச்சிட்டாவ. மொதல்ல கை தட்டுனதே சார்தான்."

"எந்தக் கையால?" என்று கேட்டேன்.

பதில் சொல்வதற்குள் யாரோ அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.